மிச்சப் பெயிண்ட்

நவம்பர் 8, வெள்ளி

மங்கையர்க்கரசி இன்று காலை திருச்சிக்கு, மகள் பூங்கோதை வீட்டுக்குப் போனாள். பேரனுக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது, பூங்கோதைக்கு ஆபீசில் வேலை அதிகம், அதனால் போகிறேன் என்றாள். அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில்தான். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. பெரிய பையை எடுத்துக்கொண்டாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றேன். கீழ்வீட்டில் குடியிருக்கும் ஜெசிந்தா டீச்சரின் ஸ்கூட்டரில் போய்க்கொள்கிறேன் என்றாள். மூட்டுவலிக்காரிக்கு ஸ்கூட்டர்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்வார்கள். மாப்பிள்ளை தீபாவளிக்கு அனுப்பிய புது டிவியைச் சுவரில் மாட்ட ஆள் வந்தான், மாட்டினான். அதுவரை டிவி உட்கார்ந்திருந்த மேசைக்கு இனி வேலை இல்லை. தெருவில் பழைய சாமான் வண்டி போனது. கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். வேலையில்லாத பொருளை வெளியே அனுப்பக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அவள் கோயிலிலிருந்து வரும்போது வண்டி தெருமுனையில் நின்றிருக்கிறது. அவளும் ஜெசிந்தாவும் அதை இறக்கி, மாடிப்படியில் தூக்கிவந்து, பழைய இடத்திலேயே வைத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவமானம் எனக்குத்தான். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தோசை வார்த்துக் கொடுத்தாள். காலையில் போய்விட்டாள்.

நானே சோறு வைத்தேன். குழைந்துவிட்டது.

நவம்பர் 9, சனி

பூங்கோதை போன் செய்தாள். அம்மா நன்றாக இருக்கிறாளாம்.

நவம்பர் 11, திங்கள்

புது டிவியில் படம் தெளிவாக இருக்கிறது. செய்தி பார்த்துக்கொண்டிருந்தவன் ஆறரை மணிக்கு ஏன் சேனலை மாற்றினேன் என்று தெரியவில்லை. அவள் தினமும் பார்க்கும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஏதோ வெள்ளைக்கார நாட்டில், ஆற்றோரமாகப் பழைய மாவுமில் ஒன்று. அதற்குள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஊரார் தங்கள் வீட்டு ஓட்டை உடைசலைக் கொண்டுவருகிறார்கள். இவர்கள் சுரண்டி, ஒட்டி, மெருகேற்றி, துணி போட்டு மூடி வைக்கிறார்கள். உரியவர் வந்ததும் துணியை விலக்குகிறார்கள். உரியவர் அழுகிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். தலை நரைத்த ஒரு அம்மாள்தான் அங்கே தலைவி. அவருக்குக் கல்லூரிப் பெண்ணின் குரலைக் கொடுத்திருக்கிறார்கள். 'அடடா, எத்தனை அழகு!' என்று குரல் முடிந்துவிடும். அந்த அம்மாளின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்.

இன்று ஒரு மரக்குதிரை வந்தது. அதற்கு ஒரு காது இல்லை. காதை ஒட்டிக் கொடுத்தார்கள். ஆறடி உயர ஆள், அதைக் கட்டிக்கொண்டு அழுதான். குதிரைக்குக் காது வந்தால் அவன் ஏன் அழவேண்டும்?

இன்னொரு சேனலில் பழம்பொருளுக்கு விலை சொல்லும் நிகழ்ச்சி உண்டு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோட்டுப் போட்டவர் விலையைச் சொல்வார், கொண்டுவந்தவன் முகம் மலரும், அல்லது தொங்கும். பார்ப்பவனுக்கும் ஒன்று தெரிந்துகொண்ட திருப்தி. அதை வை என்பேன். "விலை தெரிஞ்சு என்ன செய்ய?" என்பாள் மங்கை. அவளுக்கு இந்த அழுகைதான் வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை விலக்கும்போது, "இப்ப அழுவான் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். சொன்னபடி அழுவான். அவள் சிரிக்கமாட்டாள்.

இன்று எண்ணவில்லை. யாரிடம் எண்ணுவது?

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் பார்த்தேன். பாட்டுப் பெட்டி. அழுதார்கள். புரியவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

மழை. துணி காயவில்லை. காலியான மேசை டிவிக்குக் கீழே நின்றுகொண்டு நிகழ்ச்சி முழுதும் கண்ணில் படுகிறது. அதைப் பற்றியும் எழுதிவைக்கிறேன்.

என் மாமனார் சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். மற்ற மாமனார்கள் சீராகக் கட்டில் கொடுப்பார்கள், பீரோ கொடுப்பார்கள். இவர் எழுதுமேசை கொடுத்தார். லாரியிலிருந்து அதை இறக்கும்போது என் தாய்மாமன், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "சிலேட்டும் குச்சியும் பின்னால வருதா மாப்ளே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தீப்பெட்டி ஆலையில் பெட்டி சுமக்கப் போய், கடலை மடித்துவந்த பேப்பரை வாசித்துத் தமிழ் கற்று, அகராதியை வைத்து இங்கிலீஷ் கற்று, அதே ஆலையில் மேனேஜராக ஓய்வு பெற்றேன். கலெக்டர் ஆபீசுக்கு நான் எழுதும் மனுக்களில் இதுவரை ஒருவரும் பிழை கண்டதில்லை. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து நான் ஒரு வரி எழுதியது கிடையாது. இந்த நாட்குறிப்பையே பரீட்சை அட்டையை மடியில் வைத்துத்தான் எழுதிவருகிறேன். முதுகு வலிக்கிறது. வலிக்கட்டும்.

மேசையை நான் வீணடிக்கவுமில்லை. முதலில் தகரப்பெட்டி, பிறகு மாவு கிரைண்டர், பிறகு டிவி என்று ஏதாவது ஒன்றைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோதெல்லாம் மிச்சத்தை அதற்கும் அடித்தேன். எல்லா வீட்டிலும் செய்வதுதான். நல்ல பெயிண்டைக் கீழே கொட்ட எனக்கு மனம் வராது.

நவம்பர் 19, செவ்வாய்

மேசையை மூலைக்குத் தள்ளினேன். சுவரில் இடித்து ஓரத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. மேலே இருப்பது பிஸ்கட் நிறம், பூங்கோதை கல்யாணத்துக்கு வீட்டுக்கு அடித்தது. கீழே ஆகாய நீலம் தெரிந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அடித்தது. நகத்தால் நோண்டினேன். நீலத்துக்குக் கீழே சாம்பல், ஆலை இயந்திரங்களுக்கு அடித்ததில் மிஞ்சியது. இன்னும் நோண்டினேன். நகம் உடைந்தது.

செய்தியை மறந்துவிட்டேன். இது என் வழக்கமில்லை.

நவம்பர் 21, வியாழன்

பெயிண்ட் கடைக்குப் போனேன். பழைய பெயிண்டைக் கரைத்து எடுக்கும் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்கார பாய் என்னையே பார்த்தார். "இத்தன வருசமா அடிக்கத்தான வாங்குனீக அண்ணாச்சி, இப்ப எடுக்கவா?" என்றார். உமக்கு வியாபாரம் நடந்தால் போதாதா என்றேன். ஒரு டின் மருந்து, பட்டித் தகடு ஒன்று, உப்புத்தாள் கொஞ்சம் வாங்கிவந்தேன்.

காரணம் இதுதான்: மாமனார் என்ன மரம் கொடுத்தார் என்று பார்க்கவேண்டும். மட்ட மரமாக இருந்தால் நான் இத்தனை காலம் சொல்லிவந்தது சரி. அதற்குத்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சர் படியேறி வந்தாள். அவள் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. விசில் இல்லாமலேயே விசில் ஊதுகிற குரல்.

"அண்ணாச்சி, நாத்தம் கீழ வரைக்கும் வருது. எதுக்குப் பெயிண்ட் அடிக்கீக?"

"அடிக்கல. எடுக்கேன்."

"எதுக்கு எடுக்கீக?"

"உள்ள என்ன மரம்னு பாக்க."

"பாத்து?"

நான் தகட்டைத் துடைத்தேன்.

"அக்கா எப்ப வாறாகளாம்?"

"பேரனுக்குப் பரீட்சை முடியட்டும்."

"அந்தப் பய நாலாங் கிளாஸ் படிக்கான். என்னமோ கலெக்டர் பரீட்சை எழுதப்போற மாதிரிச் சொல்லுதீக." இறங்கப் போனவள் திரும்பினாள். "நீங்க வாடகைய ஏத்துனாலும் சரி, சொல்லிப்புடுதேன். அன்னைக்கு மேசையத் தூக்கும்போது அக்கா கை நடுங்குச்சு. பாரத்துல இல்ல அண்ணாச்சி. நான் எத்தன பிள்ளைகளைப் பாத்திருக்கேன், பாரத்துல நடுங்குற கை எனக்குத் தெரியும்."

மோட்டார் போடவேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 30, சனி

மேல்பலகை முடிந்தது. பிஸ்கட், நீலம், சாம்பல், கடைசியில் கிளிப்பச்சை. நான் முதலில் தேய்த்தது தவறு. நேற்று அந்த நரைத்தலை அம்மாள், "மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே தேய்க்கவேண்டும்" என்றார். எனக்கா சொல்கிறாய் என்று டிவியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். இன்று அவர் சொன்ன மாதிரி தேய்த்தேன். சரியாக வருகிறது. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கிளிப்பச்சை எங்கள் முதல் பொங்கலுக்கு அடித்தது. வாடகை வீடு. போகியன்று காலையில் ஜன்னலை முடித்துவிட்டு, மிச்சத்தோடு மேசைக்கு வந்தேன். மங்கை பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நினைவில்லை. பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது, எனக்கு அவசரம்.

பச்சைக்குக் கீழே மரம். தேன் நிறம். என்ன மரம் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். பார்த்தும் தெரியவில்லை. தச்சனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

முன்பக்கப் பலகையைச் சுரண்டினேன். வெறும் பலகை என்றுதான் நினைத்திருந்தேன். பச்சை போனதும் நாலு பக்கமும் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. தகட்டின் நுனியால் தொட்டேன். பட்டி உதிர்ந்தது. சாவித் துவாரம்.

மேசைக்கு டிராயர் இருந்திருக்கிறது. கைப்பிடி கிடையாது, சாவியைப் போட்டு அதையே பிடித்து இழுக்கிற வகை.

பட்டி நான் வைத்ததுதான். நான் ஓட்டையைப் பார்த்தால் அடைக்காமல் பெயிண்ட் அடிக்கமாட்டேன். நல்ல வேலைக்காரன் யாரும் அடைக்கத்தான் செய்வான். ஓட்டை என்று நினைத்திருப்பேன். வேறென்ன நினைத்திருப்பேன்?

நிகழ்ச்சியில் இன்று யார் அழுதார்கள் என்று கவனிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மங்கையின் சாவிக்கொத்தில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி உண்டு. "இது எந்தப் பூட்டுக்கு? தூக்கிப் போடு" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். "கெடக்கட்டும்" என்பாள்.

பூங்கோதைக்குப் போன் செய்தேன். நானாக அவளுக்குப் போன் செய்தது அபூர்வம். பயந்துவிட்டாள்.

"என்னப்பா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒங்கம்மாகிட்ட அந்தப் பித்தளைச் சாவி இருக்கான்னு கேளு."

"எந்தச் சாவி?"

"அவளுக்குத் தெரியும்."

போனை மூடிக்கொண்டு ஏதோ பேசினார்கள். பிறகு மங்கையே வந்தாள். திருச்சிக்குப் போனபின் அவள் குரலை இன்றுதான் கேட்டேன்.

"சாவி எதுக்கு?"

"மேசையில ஒரு டிராயர் இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். டிவி சத்தம் மட்டும் கேட்டது, அங்கேயும் அதே நிகழ்ச்சி.

"இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"சாவியக் கொரியர்ல அனுப்பு. நான் திறந்து பாத்துச் சொல்றேன்."

"வேணாம்."

"பின்ன உடைக்கவா?"

"உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

உங்க இஷ்டம் என்று அவள் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை. நான் அதை நேராகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

திருப்புளியை எடுத்து மேசை முன்னால் உட்கார்ந்தேன். ஒரு நெம்பு நெம்பினால் போதும். பூட்டு துரும்பு மாதிரித்தான் இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது? அவள் அப்பா எழுதியது ஏதாவது இருக்குமா? என்னைப் பற்றியா? டிவியில் எப்போதும் ஏதாவது இருக்கிறது. படம், மோதிரம், குழந்தைச் சட்டை.

திருப்புளியைத் திரும்ப வைத்துவிட்டேன். நரைத்தலை அம்மாள் போன வாரம் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "பூட்டியவர் இருக்கும்போது உடைக்க நாம் யார்?" என்றார். தமிழில் எழுதிக்கொடுத்தவன் அவனாகச் சேர்த்ததாகக்கூட இருக்கலாம். ஆனாலும் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

நாள் முழுக்க மழை. கரண்ட் இல்லை. நிகழ்ச்சி பார்க்கவில்லை. மேசையைத் துடைத்தேன்.

டிசம்பர் 18, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. கீழே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா மேலே பார்த்துக் கத்தினாள்.

"அண்ணாச்சி! உடைச்சாச்சா?"

"எதை?"

"அக்கா தினம் போன் பண்ணி அது ஒண்ணத்தான் கேக்காக. மனுசன் சாப்பிட்டாரான்னு கேக்கல, தூங்குனாரான்னு கேக்கல. உடைச்சாரா, உடைச்சாரான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னைக்கு வரைக்கும் இல்லன்னு சொன்னேன். நாளைக்கு உள்ளதுக்கு நான் எப்படி அண்ணாச்சி சாட்சி சொல்ல?"

நாளைக்கும் உடைக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு அவசியம் இல்லை. சொன்னேன்.

டிசம்பர் 25, புதன்

பேரன் பரீட்சை முடிந்து லீவு விட்டாகிவிட்டது. யாரும் வரவில்லை. ஜெசிந்தா கேக் கொடுத்தனுப்பினாள்.

ஜனவரி 3, வெள்ளி

மங்கை வந்துவிட்டாள். சொல்லாமல் வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல வேளை, தினமும் சாயங்காலம் மேசையை என் வேட்டியால் மூடி வைக்கும் வழக்கம் வந்திருந்தது. தூசிக்காகத்தான்.

பையைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன இது, எழவு வீட்டுல மூடி வச்ச மாதிரி?"

நான் பக்கத்தில் போய்த் துணியை மெதுவாக விலக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் செருப்பை உதறிவிட்டு வந்து, அவளே ஒரு இழுப்பில் இழுத்துவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். அழவில்லை. குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தாள். விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள்.

"உடைச்சீங்களா?"

"உடைக்கல."

"நெம்பிப் பாத்தீங்களா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

அதன் பிறகுதான் பையைத் தரையில் வைத்தாள். அதுவரை அது கையிலேயே இருந்தது என்பதை நான் அப்புறம்தான் யோசித்தேன். உடைத்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பாளா? கேட்டால் சொல்லமாட்டாள்.

"சாவி இருக்குல்ல, திற" என்றேன்.

"மார்கழி முடியட்டும்."

பழைய டிராயரைத் திறக்க மார்கழி என்ன, சித்திரை என்ன? புது வீடா குடிபோகிறோம்? சொல்லிப் பார்த்தேன். காப்பி போடப் போய்விட்டாள்.

ஜனவரி 7, செவ்வாய்

சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்க்கிறாள். மேசையை உள்அறை ஜன்னலோரம் போடச் சொன்னாள். நானும் ஜெசிந்தாவும் தூக்கிப் போட்டோம். மரம் நல்ல கனம். என் கை நடுங்கியது. பாரத்தில்தான்.

ஜனவரி 13, திங்கள், போகி

ஜன்னல் கம்பிகளுக்குக் காப்பி நிறம் அடித்தேன். காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிந்தது. டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியது. டப்பாவும் பிரஷ்ஷுமாக உள்அறைக்குள் வந்துவிட்டேன். எதற்கு வந்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கால் தானாக வந்தது.

மங்கை மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"அதக் கீழ வைங்க."

"அடிக்க வரல."

"அன்னைக்கும் போகிதான். இதே மாதிரி டப்பாவோட வந்தீங்க."

"அன்னைக்குப் பச்சை."

"நான் நிறத்தையா கேட்டேன்?"

டப்பாவைக் கீழே வைத்தேன்.

"கார்த்திகையில கல்யாணம் ஆச்சு. மார்கழியில புதுசா எதையும் தொடங்க வேணாம், தை ஒண்ணாந்தேதி திறந்து உன் பேனாவையும் புஸ்தகத்தையும் வச்சுக்கம்மான்னு எங்கப்பா சாவியக் கையில குடுத்தாரு. மாசம் முழுக்கத் தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன். ஒரு நாள்தான் பாக்கி. நாளைக்குத் திறக்கணும், டிராயரை மட்டும் விட்டுட்டு அடிங்கன்னு சொன்னேன்."

"எனக்குக் கேக்கல."

"கேட்டுச்சு. 'எனக்குத் தெரியும், நீ போ'ன்னு சொன்னீங்க."

அப்படிச் சொன்னேனா? என் குரல் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் நினைவில்லை. நினைவில்லாததை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

"அப்புறமாச்சும் கேட்டிருக்கலாம்ல? இத்தன வருசம் ஏன் வாயத் திறக்கல?" என்றேன்.

"கேட்டிருந்தா சுரண்டிக் குடுத்திருப்பீங்களா?"

அன்றைக்கு இருந்த ஆள் என்ன செய்திருப்பான் என்று இன்றைக்கு இருக்கிற என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? பேச்சை மாற்றினேன். இல்லை, மாற்றவில்லை. இதுதான் பேச்சே.

"ஒங்கப்பா என்னைக் கேவலப்படுத்தத்தான மேசை குடுத்தாரு? படிக்காத மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட மேசை."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கோபம் இல்லை. நான் ஏதோ தெரியாத மொழியில் பேசியதுபோல் பார்த்தாள்.

"உங்களுக்கா? இது எனக்குக் குடுத்ததுங்க. நான் டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருந்தேன். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

வேறொருவர் பெயருக்கு வந்த தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு, அதற்காக ஆயுள் முழுக்கக் கோபப்பட்ட ஆள் நானா? அப்படியென்றால் என் தாய்மாமன் சிரித்தது எதற்கு? பந்தல் முழுக்கச் சிரித்ததே, அது பொய்யா? பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரமாக இதையே யோசிக்கிறேன். ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பால் பொங்கியது. சாமி கும்பிட்டபின் மங்கை உள்அறைக்குப் போனாள். நான் வாசற்படியோடு நின்றுகொண்டேன். டிவியில் நரைத்தலை அம்மாள் அப்படித்தான் நிற்பார்.

சாவி நுழைந்தது. திரும்பவில்லை. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னேன். விட்டாள். கொஞ்சம் பொறுத்துத் திருப்பினாள், திரும்பியது. சாவியைப் பிடித்து இழுத்தாள். பச்சை ஒட்டியிருந்த ஓரங்கள் லேசாகக் கிழியும் சத்தம் கேட்டது. டிராயர் வந்தது.

ஒன்றுமில்லை. ஒரு காகிதம்கூட இல்லை.

நான் குனிந்து மூலை மூலையாகப் பார்த்தேன். வேண்டுமானால் இன்னொரு தடவை பார் என்றேன்.

"காலியாத்தான் இருக்கும். திறக்கவே இல்லயே" என்றாள்.

உள்ளே பெயிண்ட் படவில்லை. மரம் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் பளபளவென்று இருந்தது. புது வார்னிஷ் வாசனை வந்தது. அந்த வாசனை அவ்வளவு காலம் எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வந்தது. மங்கை உள்ளே கையைவிட்டுத் தடவினாள். குனிந்து முகர்ந்தாள். "புதுசா இருக்கு" என்றாள். ஒரு சின்னப் பெண் சொல்வதுபோல் சொன்னாள். அவள் அழவில்லை.

பொங்கல் புகை என் கண்ணில் பட்டுவிட்டது. கேஸ் அடுப்புக்குப் புகை ஏது அண்ணாச்சி என்று ஜெசிந்தா கேட்டாள். கரும்பு கொடுக்க அப்போதுதானா அவள் வந்து நிற்கவேண்டும்?

ஜனவரி 17, வெள்ளி

டிராயரில் எதையோ வைத்து மங்கை பூட்டிவிட்டாள். என்னவென்று நான் கேட்கவில்லை. சாயங்காலமானால் ஜன்னலோரம் மேசையில் உட்கார்ந்துகொள்கிறாள். எழுதுகிறாளா, வாசிக்கிறாளா என்பது முதுகைப் பார்த்தால் தெரிவதில்லை.

ஆறரைக்கு, "ஆரம்பிச்சாச்சு" என்று கூப்பிட்டேன்.

"நீங்க பாருங்க."

"இன்னைக்கு ஒரு ஊஞ்சல் நாற்காலி."

"பாருங்க. எனக்கு வேல இருக்கு."

அவளுக்காகத்தான் நான் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கப் பழகினேன். இப்போது அவள் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். இது எப்படி நடந்தது என்று விளங்கவில்லை. துணியை விலக்கினார்கள். ஒரு கிழவர், என் வயதுதான் இருக்கும், நாற்காலியைத் தொடாமல் தூரத்திலேயே நின்றார்.

"அழுதாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றேன்.

இன்று காலையில் மிச்சப் பெயிண்ட் நினைவுக்கு வந்து, அதை எடுத்தேன். டப்பாவும் பிரஷ்ஷுமாக வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். ஸ்டூல், அரிசி டிரம், மாவரைக்கிற கல்லுக்கு அடியில் போட்ட பலகை, அவள் மிதிக்கிற தையல் மெஷினின் கால். எல்லாவற்றிலும் ஏற்கெனவே என் பெயிண்ட்தான் இருக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன். அடிக்கலாமா என்று அவளைக் கேட்டுவிட்டு அடிப்பதா, கேட்காமல் அடிப்பதா என்று தெரியவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

மூடியை அழுத்திப் போட்டு, டப்பாவைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.